முனீஸ் காற்றடித்த லேப்டாப்

திருப்பூரில் முனீஸ் என்று கேட்டால் தெருவுக்கு நாலு பேரைக் காட்டுவார்கள். ‘கார்டு முனீஸ்’ என்று கேட்டால் ஒரே ஆளைத்தான் காட்டுவார்கள். காதர்பேட்டைக்குப் பின்புறச் சந்தில், ஒரு பனியன் யூனிட்டோடு சுவரும் சுவருமாக ஒட்டிக்கொண்டிருந்தது அவன் கடை. பின்னல் மிஷின்களின் வயிற்றுக்குள் இருக்கிற மின்னணுப் பலகைக்கு இந்த ஊரில் கார்டு என்று பெயர். மிஷின் நின்றால் ஃபிட்டர் வந்து ஊசியைப் பார்ப்பார், பெல்ட்டைப் பார்ப்பார், ஒன்றும் பிடிபடவில்லை என்றால் “கார்டு போயிருச்சுங்க” என்று கைகழுவிவிடுவார். அப்படிக் கைகழுவப்பட்டதெல்லாம் மஞ்சள் பையில் ஏறி முனீஸிடம் வந்து சேரும்.

அருப்புக்கோட்டைப் பக்கத்திலிருந்து பத்தாவது முடித்த கையோடு வந்தவன் அவன். முதலில் நிட்டிங் கம்பெனியில் நூல் கோன் மாட்டினான். பிறகு மிஷின் ஓட்டினான். கூட வேலை பார்த்தவர்கள் ஞாயிற்றுக்கிழமை சினிமாவுக்குப் போனபோது இவன் குப்பையில் கிடந்த கார்டுகளைப் பொறுக்கிக்கொண்டு வந்து, எது எங்கே போகிறது என்று கோடு கோடாகப் பின்தொடர்ந்துகொண்டிருந்தான். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. கெடுத்துக் கெடுத்துக் கற்றுக்கொண்டான். நூலைக் கோனில் சுற்றுகிற வைண்டிங்கில் வேலை பார்த்த தூத்துக்குடிப் பெண் ரோஸ்மேரியைக் காதலித்துக் கட்டிக்கொண்டதும் அந்தக் காலத்தில்தான். அந்த விஷயத்திலும் அவனுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

கை எவ்வளவு சுத்தமோ வாய் அவ்வளவு நீளம். “என் கைக்கு வந்த கார்டு எதுவும் காயலான் கடைக்குப் போனதில்ல” என்று வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்லுவான். அது முக்கால்வாசி உண்மை. மீதிக் கால்வாசியைப் பற்றிக் கேட்டால் டீ வாங்கிக் கொடுத்துப் பேச்சை மாற்றிவிடுவான்.

இரண்டாயிரத்து ஏழாம் வருஷம் வாக்கில் திருப்பூருக்குள் லேப்டாப் நுழைந்தது. எக்ஸ்போர்ட்காரர் மகன்கள் ஆளுக்கொன்றைத் தோளில் மாட்டிக்கொண்டு திரிந்தார்கள். கார்டு என்றால் கார்டுதானே, இதில் பெரிசு என்ன, சின்னது என்ன என்று முனீஸும் பெயர்ப்பலகையில் ‘லேப்டாப்பும் பார்க்கப்படும்’ என்று ஒரு வரி எழுதிச் சேர்த்தான். சேர்த்தபின் கீ போர்டு மாற்றினான், உடைந்த மூடி மாற்றினான், சார்ஜர் முனையைப் பற்றவைத்தான். லேப்டாப்புக்குள் இருக்கிற கார்டை, அதாவது போர்டை, பார்க்கிற வேலை மட்டும் ஒன்றும் வரவில்லை. வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தான்.

வந்தது ஒரு திங்கட்கிழமை. மோனிஷாவின் ஸ்கூட்டி கடை வாசலில் வந்து நின்றது. பொங்கலூர்க் கிட்டுசாமி வீட்டு மருமகள். கிட்டுசாமி தன் தென்னந்தோப்பு ஓரத்தில் ஷெட் போட்டுப் பின்னல் மிஷின்கள் ஓட்டுகிறவர், முனீஸின் பழைய வாடிக்கைக்காரர். அவர் ஷெட்டின் கார்டுகளெல்லாம் இவன் கைபட்டவைதான்.

“ஏனுங்கண்ணா, இது அடுப்பாட்டம் சுடுதுங்க. கொஞ்ச நேரத்துல தானா அணைஞ்சு போகுது” என்று லேப்டாப்பை மேஜைமேல் வைத்தாள்.

முனீஸ் திருப்பிப் போட்டு அடியிலிருந்த சின்ன மூடியைக் கழற்றினான். உள்ளே விசிறி இருக்கிற இடம் தெரியாமல் பஞ்சு மெத்தை போட்டிருந்தது. நிட்டிங் ஷெட்டில் வைத்து வேலை பார்த்தால் அப்படித்தான். அங்கே மனுஷன் தலைமுடியே சாயங்காலத்துக்குள் நரைத்துப்போகும்.

“பாத்தீகளா அம்மிணி, இத நூத்தா ஒரு பனியன் தச்சுரலாம்.”

“நல்லாக் காத்து அடிச்சு உட்ருங்கண்ணா” என்றாள் மோனிஷா.

இதில் யாரையும் குற்றம் சொல்ல முடியாது. திருப்பூரில் பஞ்சு என்று கண்ணில் பட்டால் கை தானாக ஏர் கன்னுக்குத்தான் போகும். மிஷினுக்குக் காற்று, மேஜைக்குக் காற்று, ஷிப்ட் முடிந்தால் சட்டைக்கும் தலைக்கும் காற்று. பக்கத்து யூனிட்டின் கம்ப்ரசரிலிருந்து ஒரு குழாய் ஜன்னல் வழியாக முனீஸின் கடைக்குள் எப்போதும் தொங்கிக்கொண்டிருந்தது. அதை இழுத்தான். பின்னல் மிஷினில் ஊசி வரிசையோடு ஒட்டிவைத்து அழுத்துகிற அதே பழக்கத்தில், பித்தளை மூக்கை உள்ளே நுழைத்து ஒரு அழுத்து அழுத்தினான். பஞ்சு பறந்தது. மோனிஷா முகத்தை மூடிக்கொண்டு சிரித்தாள். நடுவில் ‘டிக்’ என்று ஒரு சத்தம் கேட்டது. அவனும் அதைக் கண்டுகொள்ளவில்லை, அவளும் கண்டுகொள்ளவில்லை. பேட்டரியைக் கழற்றாமலே இவ்வளவும் நடந்தது.

மூடியை மாட்டி, “இப்பப் போடுங்க, விசிறி மாதிரி சிலுசிலுன்னு இருக்கும்” என்றான்.

அவள் சுவிட்சை அழுத்தினாள். விளக்கு வரவில்லை. மறுபடி அழுத்தினாள். சார்ஜரை மாட்டி அழுத்தினாள். ஒரு பொட்டு வெளிச்சம்கூட இல்லை.

“அண்ணா, விளையாடாதீங்க.”

முனீஸ் விளையாடவில்லை. அவன் வாய் அன்றைக்கு முதல்முதலாக மூடிக்கொண்டது.

அப்புறம்தான் அவள் விஷயத்தைச் சொன்னாள். கிட்டுசாமி, மூடிப்போன ஒரு மில்லின் ஏலத்தில் கம்ப்யூட்டர் ஜகார்டு மிஷின் ஒன்றை எடுத்துவந்திருந்தார். துணியைப் பின்னும்போதே அதில் உருவங்கள் விழவைக்கிற மிஷின் அது. ஆனால் உருவத்தைக் கம்ப்யூட்டரில் வரைந்து கொடுத்தால்தான் ஓடும். வரையத் தெரிந்தவர் இல்லாமல் தோப்புக்குக் காவலாக நின்றுகொண்டிருந்தது. கல்யாணமாகி வந்த மோனிஷா, கல்லூரியில் கம்ப்யூட்டர் படித்த தைரியத்தில் அதைக் கையில் எடுத்தாள். டிசைன் போடுகிற சாப்ட்வேரை ஒரு கம்பெனி இந்த லேப்டாப்பில் ஏற்றிக் கொடுத்தது. இந்த லேப்டாப்பின் போர்டைத் தவிர வேறு எதிலும் அது திறக்காது. ஏற்றிக் கொடுத்த கம்பெனியோ அப்புறம் மூடிப் பூட்டுப் போட்டுக்கொண்டு எங்கேயோ போய்விட்டது.

கல்யாணம் முடிந்த நாளிலிருந்து அவள் வரைந்த டிசைன் அத்தனையும் அதற்குள் இருந்தன. குழந்தைகள் சட்டைத் துணிக்கென்று துள்ளுகிற ஆட்டுக்குட்டிகளாக ஒரு டிசைன் போட்டிருந்தாள். அந்தத் துணியின் துண்டைப் பார்த்த காதர்பேட்டை வியாபாரி ஒருவர், ஆடுகளை இன்னும் கொஞ்சம் நெருக்கிப் போட்டுக் கொண்டுவரச் சொல்லியிருந்தார். ஆனால் மாமனாருக்குப் பொறுமை போய்விட்டது. சோமனூர் ஆத்தப்பன் மிஷினைக் கேட்டுக்கொண்டிருந்தார். வெள்ளிக்கிழமை அவர் வருகிறபோது மிஷின் ஓடிக்கொண்டிருந்தால் அது நமக்கு, நின்றுகொண்டிருந்தால் அவருக்கு என்று கிட்டுசாமி முடிவு சொல்லிவிட்டார்.

“மிஷினுக்குள்ளயே டிசைன் இருக்கும்ல?” என்று முனீஸ் ஒரு நப்பாசையில் கேட்டான்.

“கரண்டு நின்னா அது எல்லாத்தையும் மறந்துருமுங்க. பழைய மிஷினு. ஒவ்வொரு தடவையும் இதுல இருந்துதான் ஏத்தோணும்.” அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. “அந்த ஊட்டுல எனக்குன்னு இருக்கற ஒரே வேலை அதுதானுங்கண்ணா.”

 முனீஸ் கோயமுத்தூரில் இருந்த ஒரு சர்வீஸ் சென்டருக்குப் போன் போட்டுக் கேட்டான். அவர்கள் நேர்மையாகவே சொன்னார்கள்: போர்டை மாற்றித் தருவோம், பழைய போர்டைப் பழுது பார்ப்பதில்லை. போர்டு மாறினால் சாப்ட்வேர் திறக்காது. ஆக, இந்த போர்டே எழுந்து உட்கார வேண்டும், வேறு வழி கிடையாது.

“விட்டுட்டுப் போங்க அம்மிணி” என்றான். வழக்கமாகச் சொல்லுகிற காயலான் கடை வசனத்தை அன்று சொல்லவில்லை.

கம்ப்ரசர் தொட்டியில் தண்ணீர் தேங்கும், காற்றோடு சேர்ந்து அதுவும் பீய்ச்சும் என்பது ஊருக்கே தெரிந்த விஷயம். அந்த ஈரம்தான் குடியைக் கெடுத்திருக்கிறது என்று முனீஸ் முதலில் நம்பினான். பேட்டரி, மெமரி, ஹார்ட் டிஸ்க் எல்லாவற்றையும் கழற்றி, போர்டைத் தனியாக எடுத்து, ஸ்பிரிட் போட்டுப் பிரஷ்ஷால் துலக்கினான். செவ்வாய்க்கிழமை முழுக்க மொட்டைமாடியில் காயவைத்துக் காக்கை விரட்டினான். ரோஸ்மேரியின் தலை உலர்த்துகிற டிரையரையும் கொண்டுவந்து ஊதினான். மாலையில் கரண்டு கொடுத்துப் பார்த்தால் போர்டு சுத்தமாகப் பளபளத்தது. உயிர் மட்டும் வரவில்லை.

அந்த நேரம் பார்த்து, சந்தைக்கு வந்த கிட்டுசாமியும் கடைக்குள் தலையை நீட்டினார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, சத்தம் போடாத குரல்.

“ஏப்பா முனீசு, செத்ததைப் போட்டு எதுக்கு உலுப்பிக்கிட்டு இருக்கற? உட்ரு சாமி. அம்மிணிகிட்ட நான் சொல்லிக்கறேன். ஆத்தப்பன் வெள்ளிக்கெழம லாரியோட வர்றாப்டி.”

திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது முனீஸுக்கு. இந்த மரியாதையைத்தான் தாங்க முடியவில்லை.

“வெள்ளிக்கெழமைக்கு இன்னும் நாள் கெடக்குங்க” என்றான்.

கிட்டுசாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார்.

புதன்கிழமை காலையில் முனீஸ் தன்னைத்தானே ஒரு திட்டுத் திட்டிக்கொண்டு, வேலையை முதலிலிருந்து தொடங்கினான். நாற்காலியில் உட்கார்ந்து யோசிக்காமல் பிரஷ்ஷை எடுத்ததுதான் தப்பு என்று தோன்றியது. லேப்டாப் சார்ஜரை ஒதுக்கிவிட்டு, மேஜைமேல் இருந்த முள் வைத்த பவர் சப்ளையிலிருந்து போர்டுக்குக் கரண்டு கொடுத்தான். எவ்வளவு கரண்டை போர்டு குடிக்கிறது என்று அந்த முள் காட்டும். சுவிட்சை அழுத்தினான். முள் லேசாக எழும்பியது, உடனே படுத்துக்கொண்டது. மறுபடி அழுத்தினான். எழும்பியது, படுத்தது.

முனீஸ் நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டான். செத்தது முள்ளை அசைக்காது. இது எழுந்திருக்கப் பார்க்கிறது, ஏதோ ஒன்று உட்கார் என்று அமுக்குகிறது.

இதை அவன் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறான், லேப்டாப்பில் இல்லை, பின்னல் மிஷினில். சுற்றி வர அத்தனை நூல்கள் உள்ளே போகும். அதில் ஒரே ஒரு நூல் அறுந்தாலும் போதும், ஸ்டாப் மோஷன் என்கிற காவல்காரன் மிஷினை நிறுத்திவிடுவான். தெரியாத ஆபரேட்டர் சுவிட்சைத் திரும்பத் திரும்ப அழுத்துவான். மிஷின் ஒரு துள்ளுத் துள்ளி நிற்கும். மோட்டார் போச்சு என்று கத்துவான். மோட்டாருக்கு ஒன்றும் இருக்காது. எந்த நூல் என்று தேடிப் பிடித்து முடிச்சுப் போட்டால் மிஷின் அதுபாட்டுக்கு ஓடும்.

லேப்டாப் போர்டும் அப்படித்தான் என்று அவனுக்குப் பளிச்சென்று பட்டது. உள்ளே வருகிற கரண்டைப் பல பங்காகப் பிரித்து, பிராசசருக்கு ஒரு வோல்ட், மெமரிக்கு ஒரு வோல்ட், மற்றதுக்கு வேறு வோல்ட் என்று ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டு வருகிறது. ஒவ்வொரு பங்கும் ‘நான் சரியாக இருக்கிறேன்’ என்று சொன்னால்தான் அடுத்தது. ஏதோ ஒரு பங்கு சொல்லவில்லை, அதனால்தான் எல்லாம் படுத்துக்கொள்கிறது.

எந்தப் பங்கு? ஒவ்வொரு பங்குக்கும் போர்டில் காயில் என்று ஒரு கம்பிச் சுருள் உண்டு. மீட்டர் முனையை எடுத்துக்கொண்டு காயில் காயிலாகத் தொட்டான். எங்கே கரண்டு வழி தவறி நேராக பூமிக்கு ஓடுகிறதோ, அங்கே மீட்டர் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் காட்டும். பிராசசர் காயிலில் மீட்டர் மிகவும் கீழே காட்டியது.  பிராசசர் போயிருந்தால் கதை முடிந்தது. எழுந்து போய் டீ குடித்தான். டீ குடிக்கும்போதுதான், காயலான் கடையிலிருந்து வாங்கிப்போட்ட பழைய லேப்டாப் போர்டு ஒன்று பரண்மேல் கிடப்பது ஞாபகம் வந்தது. பாதி டீயை வைத்துவிட்டு ஓடிவந்து அதில் அதே காயிலைத் தொட்டுப் பார்த்தான். அதிலும் கீழேதான் காட்டியது. பிராசசரின் சுபாவமே அப்படியென்றால் பயப்பட என்ன இருக்கிறது? பயம் போனதும் மற்றக் காயில்களையும் தொட்டான். மெமரிக்குப் போகிற காயிலில் மீட்டர் ஒரேயடியாகப் பூஜ்யத்தில் விழுந்தது. பழைய போர்டில் அந்த இடம் அப்படி இல்லை.

“மாட்டுனயா!” என்று கத்தினான். பக்கத்து யூனிட்டில் தைத்துக்கொண்டிருந்தவர்கள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்கள்.

ஆனால் அது பாதிக் கிணறுதான். மெமரி வழியில் கடுகளவு கெப்பாசிட்டர்கள் கூட்டம் கூட்டமாக உட்கார்ந்திருந்தன. எல்லாமே ஒரே வழியில் கைகோத்து நிற்பதால் எதைத் தொட்டாலும் மீட்டர் பூஜ்யம்தான் காட்டும். ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தால் போர்டு தாங்காது. குற்றவாளி ஒருவன், நிற்பவர்கள் எல்லோரும் ஒரே சாயல். ஒரு வோல்ட் அளவுக்குக் குறைத்து அந்த வழியில் கரண்டு கொடுத்தால், எவன் வழியாக அது பூமிக்குப் போகிறதோ அவன் மட்டும் சூடாவான். அதுவரை யோசனை சரி. விரல் வைத்துப் பார்த்தான். விரல் அகலம், கெப்பாசிட்டர் கடுகு. இங்கே சுடுகிறது என்று தெரிந்ததே ஒழிய, எது சுடுகிறது என்று தெரியவில்லை.

அந்தக் கேள்வியோடுதான் வீட்டுக்குப் போனான். சாப்பிடும்போதும் பேசவில்லை. வாய் ஓயாத மனுஷன் பேசாமல் உட்கார்ந்திருந்தால் எந்தப் பெண்டாட்டிக்கும் பயமாகத்தான் இருக்கும்.

“என்ன, அந்த லேப்டாப்பா?” என்றாள் ரோஸ்மேரி.

“எது சுடுதுன்னு கண்ணுக்குத் தெரியணும் ரோசு. கைக்குத் தெரிஞ்சு பிரயோசனமில்ல.”

அவள் வேலைக்குக் கொண்டுபோகிற பையின் ஜிப் மாட்டிக்கொண்டதைச் சரிசெய்துகொண்டிருந்தாள். வைண்டிங் மிஷினில் நூல் வழுக்கிக்கொண்டு ஓடுவதற்காக ஒரு மெழுகு வில்லையில் உரசிக்கொண்டு போகும். தேய்ந்துபோன வில்லைகளை அங்கே தூக்கிப் போட்டுவிடுவார்கள். அதில் ஒன்றை வைத்துத்தான் அவள் ஜிப்பைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். முனீஸ் சோற்றுக் கையோடு அதையே பார்த்தான்.

“அதக் குடு” என்றான்.

“ஜிப்பு இன்னும் சரியாகல.”

“நான் ஒனக்குப் புதுப் பையே வாங்கித் தாரேன், அதக் குடு தாயி.”

வியாழக்கிழமை கடை திறந்ததும் வேறு வேலை பார்க்கவில்லை. மெழுகு வில்லையைப் பிளேடால் மாவாகச் சுரண்டி, மெமரி வழியில் உட்கார்ந்திருந்த கெப்பாசிட்டர்கள் மேலெல்லாம் விபூதி தூவுகிற மாதிரித் தூவினான். கோவிலில் நிற்கிற பவ்யம்கூட வந்துவிட்டது. பூதக்கண்ணாடியைக் கிட்டே இழுத்து வைத்துக்கொண்டு, காயிலில் கரண்டை மெல்ல ஏற்றினான்.

எல்லாம் வெள்ளையாக இருந்தன. இன்னும் கொஞ்சம் ஏற்றினான். மெமரி மாட்டுகிற இடத்துக்கு ஓரத்தில் ஒரே ஒரு கெப்பாசிட்டரின் மேல் மெழுகு வியர்த்து, உருகி, தண்ணீராகி, அடியிலிருந்த பழுப்பு நிறம் பளிச்சென்று தெரிந்தது. சுற்றிலும் இருந்தவை வெள்ளைத் தொப்பி போட்டுக்கொண்டு அப்படியே நின்றன.

கரண்டை நிறுத்தித் துடைத்துவிட்டு அந்த ஒன்றை நன்றாகப் பார்த்தான். குறுக்கே மயிரிழையாக ஒரு விரிசல். பக்கத்தில் போர்டின் பச்சையில் பித்தளை நிறத்தில் ஒரு கீறல். முனீஸுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. தண்ணீரும் இல்லை, ஒன்றும் இல்லை. பின்னல் ஊசியோடு ஒட்டவைத்து ஊதுகிற பழக்கத்தில், ஏர் கன்னின் பித்தளை மூக்கால் இவனே இதை இடித்து உடைத்திருக்கிறான். அந்த ‘டிக்’ இதுதான். பின்னல் ஊசி எஃகு, எத்தனை இடித்தாலும் தாங்கும். இது கடுகு. “அடக் கிறுக்குப் பயலே” என்று தன் தலையில் தானே ஒரு குட்டுக் குட்டிக்கொண்டு சிரித்தான். சிரிப்பு நிற்க மாட்டேன் என்றது.

உடைந்ததைச் சூடு காட்டிக் கழற்றியதும் மீட்டர் பூஜ்யத்தைவிட்டு எழுந்தது. பரண் போர்டில் அதே இடத்தில் இருந்த கெப்பாசிட்டரை எடுத்து, மூச்சை அடக்கிக்கொண்டு இங்கே பற்றவைத்தான். கரண்டு கொடுத்து, சுவிட்சை அழுத்தினான். முள் எழும்பியது. படுக்கவில்லை. இன்னும் எழும்பியது. விசிறி ஒரு திணறல் திணறிவிட்டுச் சுற்ற ஆரம்பித்தது.

முனீஸ் எல்லாவற்றையும் பரபரவென்று மாட்டி, திரையைத் திறந்து அழுத்தினான். விளக்கெல்லாம் எரிந்தது. திரை மட்டும் கறுப்பாகவே இருந்தது. ‘பீப், பீப்’ என்று கத்தியது. வியர்த்துவிட்டது. மறுபடி எல்லாக் காயிலையும் தொட்டான், எல்லாம் ஒழுங்காக இருந்தன. நெற்றி வியர்வையைத் துடைக்கக் கைக்குட்டையை எடுக்கச் சட்டைப் பையில் கைவிட்டபோது விரலில் ஏதோ இடறியது. கழற்றி வைத்த மெமரி, ‘என்னை மறந்துவிட்டாயே’ என்று பைக்குள் உட்கார்ந்திருந்தது. அதைத் தினமும் சட்டை மாற்றும்போது பையிலிருந்து பைக்கு மாற்றியவனே அவன்தான்.

மெமரியை மாட்டியதும் திரை வெளுத்தது. நீலம் வந்தது. மோனிஷா வைத்திருந்த தென்னந்தோப்புப் படம் வந்தது. முனீஸ் எழுந்து நின்று, ஆளில்லாத கடையில் இரண்டு கையையும் தூக்கி ஒரு ஆட்டம் போட்டான். அப்படியொரு சந்தோஷம் அவனுக்குக் கல்யாணத்தன்றுகூட வரவில்லை. இதை ரோஸ்மேரியிடம் அவன் சொன்னதில்லை.

போனில் சொன்னபோது மோனிஷா நம்பவில்லை. “நெசமாலுமுங்களா?” என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். அன்று சாயங்காலமே வந்து லேப்டாப்பை வாங்கிப்போனாள். போகிறபோது, “நாளைக்கு நீங்களும் வந்துருங்கண்ணா, எனக்குப் பயமா இருக்குது” என்றாள். அவனுக்கும் பயமாகத்தான் இருந்தது. வெளியே சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் முனீஸின் மொபெட் பொங்கலூர் ஷெட்டுக்குப் போய்ச் சேரும்போது, ஆத்தப்பனின் லாரி தென்னை நிழலில் பின்புறக் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றது. இரண்டு லோடுமேன்கள் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். ஆத்தப்பன் ஜகார்டு மிஷினைச் சுற்றி வந்து, மாட்டைப் பார்க்கிற மாதிரித் தட்டித் தட்டிப் பார்த்தார். கிட்டுசாமி கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மோனிஷா லேப்டாப்பை மிஷின் பக்கத்து ஸ்டூலில் வைத்து, திரையில் ஆடுகளை நெருக்கிக்கொண்டிருந்தாள். 

லேப்டாப்பின் ஒயரை மிஷினில் செருகினாள். டிசைன் ஏறியது. பச்சைப் பொத்தானை அழுத்தினாள். மிஷின் ஒரு துள்ளுத் துள்ளி நின்றது.

ஆத்தப்பன் தொண்டையைச் செருமினார். கிட்டுசாமி லாரிப் பக்கம் திரும்பினார். மோனிஷாவின் முகத்தில் ரத்தமே இல்லை. முனீஸ் மட்டும் மிஷினின் தலையைப் பார்த்தான். ஒரு ஓரத்தில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

“நூலுங்க அம்மிணி, ஒரு நூலு அந்துருக்கு. அவ்வளவுதான்” என்று சொல்லிக்கொண்டே போய், அறுந்த நூலைப் பிடித்து முடிச்சுப் போட்டான். அவன் திருப்பூருக்கு வந்து கற்றுக்கொண்ட முதல் வேலை அது. “இப்ப அமுக்குங்க.”

மிஷின் ஓடியது. சத்தம் ஷெட்டை நிறைத்தது. கீழே துணி மெல்ல மெல்ல இறங்கியது. முதலில் ஒரு வரி புள்ளி, அப்புறம் கால்கள், அப்புறம் வயிறு, அப்புறம் காதைத் தூக்கிக்கொண்டு ஆட்டுக்குட்டிகள், வரிசை வரிசையாக, ஒன்றன் முதுகில் ஒன்று இடிக்கிற நெருக்கத்தில் துள்ளிக்கொண்டு இறங்கின. லோடுமேன்கள் கயிற்றைப் போட்டுவிட்டு வந்து எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள்.

கிட்டுசாமி குனிந்து துணியைத் தூக்கிப் பிடித்தார். பட்டி ஆடு மேய்த்து வளர்ந்த மனுஷன். வெகுநேரம் பார்த்தார்.

“ஏங்கண்ணு, இந்தக் குட்டி தாயத் தேடற குட்டிதானே?” என்று வரிசையில் தலையைத் திருப்பிக்கொண்டிருந்த ஒன்றைக் காட்டினார்.

“ஆமாங்க மாமா. நம்ம பட்டியில பாத்துத்தான் போட்டேனுங்க.”

“அப்புடித்தான் திரும்பும்” என்றார் கிட்டுசாமி. 

ஆத்தப்பன் வியாபாரி. ஓடாத மிஷினுக்கு ஒரு மதிப்பு, ஓடுகிற மிஷினுக்கு ஒரு மதிப்பு என்று அவருக்குத் தெரியும். “ஏனுங்க, முன்ன சொன்னதுக்கு மேல சேத்தித் தர்றனுங்க” என்று ஆரம்பித்தார்.

“இல்லீங்க” என்றார் கிட்டுசாமி. “மிஷினு அம்மிணியோடதுங்க. அவகிட்டக் கேளுங்க.”

எல்லோரும் மோனிஷாவைப் பார்த்தார்கள். அவள் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். கண்ணீர் வந்தது. அந்தக் கண்ணீரைப் பார்த்தபோது முனீஸுக்கும் மூக்கு அடைத்துக்கொண்டது. பஞ்சு என்று சொல்லிக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டான்.

“இவரு யாருங்க?” என்று கேட்டார் ஆத்தப்பன்.

மோனிஷா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். “எங்க முனீஸ் அண்ணனுங்க. லேப்டாப்பக் கெடுத்ததும் அவருதான், போர்டத் தொறந்து எந்திரிக்க வெச்சதும் அவருதான்.”

“போர்டவே பாப்பாருங்களா?” என்றார் ஆத்தப்பன். பிறகு லாரிக்குப் போய், டிரைவர் சீட்டுக்குப் பின்னாலிருந்து ஒரு கறுப்புப் பையை எடுத்து வந்து முனீஸிடம் நீட்டினார். “இதுவும் கொஞ்ச நாளாப் பேச்சுமூச்சு இல்லாமக் கெடக்குதுங்க தம்பி.”

முனீஸ் பையை வாங்கி, ஜிப்பைத் திறந்து, லேப்டாப்பைத் திருப்பிப் பார்த்தான். “தூசியா இருக்குன்னு காத்து அடிச்சீகளா?”

ஆத்தப்பன் கிட்டுசாமியைப் பார்த்தார், மோனிஷாவைப் பார்த்தார், இறங்கிக்கொண்டிருந்த ஆடுகளைப் பார்த்தார்.

“எல்லாரும் அடிக்கறதுதானுங்களே” என்றார்.

ஷெட்டே சிரித்தது. மிஷினை ஏற்றிப்போக வந்த ஆத்தப்பன், தன் லேப்டாப்பை முனீஸ் கையில் இறக்கிவைத்துவிட்டு, வெறும் லாரியோடு சோமனூருக்குத் திரும்பினார்.